கோர்ட் வாசல்ல மெட்டல் டிடெக்டர் வைக்க யார் காசு குடுக்கணும்?

கேள்வி: ஐயா வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தாலுகா கோர்ட்ல 6 வருஷமா பிராக்டீஸ் பண்றேன், ஊர் பேர் வேணாமே. எங்க கோர்ட்டுக்கு வாசல் மூணு, காவலுக்கு இருக்கறது ஒரே ஒரு போலீஸ்காரர், அவரும் பாதி நேரம் சம்மன் வேலையா போயிடுவார். போன மாசம் ஜீவனாம்ச கேஸ்ல வந்த ஒருத்தர் வராண்டாவுலயே பையில இருந்து கத்திய எடுத்துட்டார். குமாஸ்தாக்கள் புடிச்சதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் சங்கத்துல கூட்டம் போட்டோம். மெட்டல் டிடெக்டரும் பை சோதிக்கற ஸ்கேனரும் வாங்கணும்னு முடிவாச்சு, ஆனா காசு எங்கருந்துன்னு சண்டை. உள்ள வர்றவங்ககிட்ட ஆளுக்கு 10 ரூபா வாங்கலாம்னு ஒரு குரூப். ஓசூர் பக்கம் கம்பெனி வெச்சிருக்கறவர் முழுசா வாங்கித் தர்றேங்கறார், மெஷின்ல அவர் பேர் இருந்தா போதுமாம். ஒரு சீனியரோட மாப்ள அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கார், அங்க கேஸ் போடறவங்ககிட்டயே இதுக்கு காசு வாங்கறாங்கன்னு சொல்றார். எது சரி? கவர்மெண்ட்கிட்ட கேட்டா கிடைக்குமா?

பதில்: வக்கீலம்மா, வணக்கம். நான் ஜட்ஜும் இல்ல வக்கீலும் இல்ல, கோர்ட் ஆபீஸ்ல பைல் தள்ளின ஆளு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமா இருந்த காலத்துல, அதாவது 2004க்கு முன்னாடி வேலைக்கு சேந்து, சிரஸ்தாரா, அதாவது கோர்ட் ஆபீஸோட தலைமை குமாஸ்தாவா, ரிட்டையர் ஆனேன். அதனால சட்டத்தை விட காசு எந்த வழியா வரும், எங்க மாட்டிக்கும்ங்கறதுதான் எனக்கு நல்லா தெரியும், அதையே சொல்றேன்.

முதல்ல அந்த கம்பெனிக்காரர் விஷயம். வேண்டாம்மா. அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும், வேண்டாம்.

ஏன்னு ஒரு கதை சொல்றேன். நான் வேலை பாத்த ஒரு கோர்ட்ல, ஊரும் வருஷமும் வேணாம், ஒரு தொழிலதிபர் இதே மாதிரி ஒரு மெட்டல் டிடெக்டர் நிலை வாங்கிக் குடுத்தார். ரிப்பன் கட்டி பொன்னாடை போத்தி ஸ்வீட் எல்லாம் குடுத்தாங்க, அந்த ஸ்வீட்டை நானும் தின்னேன். மெஷினோட ரெண்டு பக்கமும் அவர் பேரு செவப்பு பெயிண்ட்ல. ஒரு ரெண்டு மாசம் கழிச்சு மலைக்காட்டு பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் நில கேஸுக்கு வந்தார், கோவணத்துக்கு மேல ஒரு துண்டு, கையில ஒரு மஞ்சப்பை. வாசல்ல நின்னு பக்கத்துல இருந்த பையனை அந்தப் பேர படிக்கச் சொன்னார், பையன் படிச்சான், பெரியவர் அப்படியே நின்னுட்டார். எதிர் பார்ட்டி அந்த தொழிலதிபர்தான். "அவன் வூட்டு நெலப்படிய தாண்டித்தான் நான் ஞாயம் கேக்க உள்ள போவணுமா சாமி"ன்னு என்னைப் பாத்து கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. சைடு கேட் வழியா கூட்டிட்டுப் போனேன், அது இன்னும் பெரிய தப்புன்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது.

ஓசூர் பக்கம் கம்பெனின்னா உங்க கோர்ட்ல செக் பவுன்ஸ் கேஸ், வண்டி மோதின கேஸ், கிரஷர் தூசி கேஸ், நில கேஸ்னு ஏதாவது ஒண்ணுல அவரோ அவர் பங்காளியோ இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வந்து நிப்பார். ஜட்ஜ் நேர்மையாத்தான் தீர்ப்பு குடுப்பார், ஆனா தோத்தவன் ஊருக்கு போய் என்ன சொல்வான்னு யோசிங்க. கம்பெனிகளோட சமூக பொறுப்பு நிதியில கேக்கலாமேன்னு யாராவது கிளம்புவாங்க. 2013 கம்பெனி சட்டத்துல லாபத்துல 2 சதவீதம்னு இருக்கறதுக்கு எதெதுக்கு செலவு பண்ணலாம்னு ஏழாவது அட்டவணைல வரிசையா போட்டிருக்காங்க, படிப்பு, சுகாதாரம், சுற்றுச்சூழல் இப்படி, கோர்ட் காவல்னு அதுல ஒரு வரி கிடையாது.

அடுத்தது 10 ரூபா. சட்டத்தோட பலம் இல்லாம யார்கிட்டயும் வரி வாங்கக்கூடாதுன்னு அரசியல் சாசனம் 265லயே இருக்கு, கட்டணம்னு பேர் மாத்தினாலும் அதுக்கும் ஒரு சட்டம் வேணும், சங்கத் தீர்மானம் சட்டம் ஆகாது, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நான் கேக்கறது வேற. சம்மன் அனுப்பி நாம கூப்பிட்ட சாட்சிக்கு நாமதான் பேட்டா குடுத்து அனுப்பணும். அவர்கிட்டயே வாசல்ல 10 ரூபா வாங்கினா என்ன நியாயம்? தளியிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் விடிகாலை பஸ் புடிச்சு வர்றவங்க, வாய்தான்னு சொல்லி திருப்பி அனுப்பினா மறுபடி அதே பஸ் செலவு. இதுல இதுவும் சேந்தா மனசு வெறுத்துடும். அதுவுமில்லாம சிவில் கேஸ் போடறவங்க ஏற்கனவே கோர்ட் பீஸ் கட்டறாங்க, 2017ல குறைச்ச பிறகும் வழக்கு மதிப்புல 3 சதவீதம், அந்தக் காசு உங்க கோர்ட்டுக்கு வர்றதில்ல, நேரா கவர்மெண்ட் கஜானாவுக்குத்தான் போகுது. ஆக காசு ஏற்கனவே கட்டியாச்சு, அதை திருப்பிக் கேக்கறதுதான் நம்ம வேலை.

சீனியரோட மாப்ள சொன்னதும் பொய் இல்ல. டெக்சாஸ்ல கிரிமினல் கேஸ்ல தண்டனை ஆனவர் கட்டற செலவுலயும் சிவில் கேஸ் போடறவர் கட்டற பீஸ்லயும் ஒரு பங்கை கோர்ட் பாதுகாப்புக்குன்னு தனி நிதியா ஒதுக்கி, அதை டிடெக்டர், எக்ஸ்ரே மெஷின், காவலாளி சம்பளம் இதுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. ஆனா அங்க கோர்ட் கட்டடத்தை பாத்துக்கறது கவுண்டிங்கற உள்ளூர் நிர்வாகம். இங்க கட்டடம் பொதுப்பணித்துறை, போலீஸ் எஸ்பி, சம்பளம் மாநில அரசு, மேல்பார்வை ஹைகோர்ட். அவங்க ஊர் சட்டையை நாம போட்டா தோள்ல நிக்காது.

இப்ப உங்களுக்கு கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லணும். கூட்டத்துல மெஷினைப் பத்தி பேசினீங்களே, மெஷின் எதை தடுக்கும் எதை தடுக்காதுன்னு யாராவது பேசினாங்களா? 2024 நவம்பர்ல நம்ம ஓசூர்ல ஒரு வக்கீலை பட்டப்பகல்ல வெட்டினாங்களே, அது கோர்ட்டுக்கு பக்கத்துல, வெளியில. அடுத்த மாசமே டிசம்பர் 20, திருநெல்வேலி கோர்ட் வாசல் முன்னாடி ஒருத்தரை வெட்டிக் கொன்னாங்க, அதுவும் வெளியில. உள்ள எத்தனை மெட்டல் டிடெக்டர் இருந்தாலும் இந்த ரெண்டையும் அது பாத்திருக்காது. 2023 மார்ச்ல கோயம்புத்தூர் கோர்ட்ல பொண்டாட்டி மேல ஆசிட் ஊத்தினான் ஒருத்தன், அந்தம்மா அப்புறம் இறந்துட்டாங்க. அது உள்ளதான் நடந்துச்சு, ஆனா தண்ணி பாட்டில்ல கொண்டு வந்திருக்கான், பாட்டிலை பாத்து எந்த நிலையும் கத்தாது. 2021 செப்டம்பர்ல டெல்லி ரோகிணி கோர்ட் ஹாலுக்குள்ளயே சுட்டாங்க, சுட்டவங்க போட்டிருந்தது உங்க கருப்பு கோட்டு. மெஷின் வேணாம்னு சொல்லல. ஆனா பையை திறந்து பாக்கற ஒரு ஆள், பாட்டில்ல இருக்கற தண்ணியை ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்கன்னு சொல்ற ஒரு ஆள், ரோட்டுல ரெண்டு பேர், இவங்க இல்லாம வெறும் மெஷின் நின்னா அது கல்யாண வாசல் வாழைமரம் மாதிரிதான்.

காசு விஷயமும் அங்கதான் திரும்புது. கணக்கு போட்டுப் பாருங்க. நடந்து போற டிடெக்டர் நிலை சுமாரா ஒரு லட்சத்துக்குள்ளயோ கொஞ்சம் மேலயோ வரும், கையில புடிக்கறது சில ஆயிரம், பை ஸ்கேனர்தான் பெரிசு, அது பத்து லட்சத்தை தாண்டும். மூணும் ஒரு தடவை செலவு. ஆள் கணக்குக்கு வாங்க. நிலைகிட்ட ஒருத்தர், ஆம்பளைங்களை தடவிப் பாக்க ஒருத்தர், பொம்பளைங்களுக்கு மறைப்பு கட்டி ஒரு பெண் போலீஸ், ஸ்கேனர் திரையை பாக்க ஒருத்தர், பொருள் வாங்கி டோக்கன் குடுக்க ஒருத்தர், லீவு மாத்து ஒருத்தர், ஆக 6 பேர். ஆளுக்கு மாசம் 30 ஆயிரம்னு குறைச்சே வெச்சாலும் வருஷத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். வருஷா வருஷம். ஸ்கேனரை விட அது பக்கத்துல நிக்கற ஆளுங்கதான் செலவு, அதை எந்த தானக்காரரும் குடுக்க மாட்டார், ஏன்னா ஆள் மேல பேர் எழுத முடியாது. நான் சொன்ன அந்த மெஷின் என்ன ஆச்சுன்னு கேளுங்க. முதல் வருஷம் ஓடுச்சு. அப்புறம் எல்லாருக்கும் கத்த ஆரம்பிச்சுது, அரைஞாண் கயித்துல இருக்கற தாயத்துக்கு கூட. சர்வீஸ் ஒப்பந்தம் யார் பேர்லன்னு பாத்தா யார் பேர்லயும் இல்ல, கோர்ட் கணக்குல சொத்தா ஏறவே இல்ல, அதனால ரிப்பேருக்கு பில் போட முடியாது. சத்தம் தாங்காம ஸ்விட்ச் ஆப் பண்ணாங்க. நான் மாறுதல் ஆகி போறப்ப அதுல ஒரு ஹெல்மெட்டும் ரெண்டு குடையும் தொங்கிட்டிருந்துச்சு.

அதனால கேக்கறப்ப ரெண்டாப் பிரிச்சு கேளுங்க. தொடராச் செலவினம்னு மெஷின், மேசை, மறைப்பு, சிசிடிவி, ஷெட், பேட்டரி பேக்கப். தொடர் செலவினம்னு ஆள், வருஷ சர்வீஸ் ஒப்பந்தம், கரண்ட். ரெண்டாவதை விட்டுட்டு முதல்ல உள்ளதை மட்டும் கேட்டா சீக்கிரம் கிடைக்கும், அந்த ஆசையில விழாதீங்க, ஹெல்மெட் மாட்டத்தான் ஆகும்.

எப்படி கேக்கறதுன்னா, சங்கத் தீர்மானத்தை மட்டும் அனுப்பினா அது தீர்மானமாவே பைல்ல படுத்துக்கும். முதன்மை மாவட்ட நீதிபதிக்கு ஒரு லெட்டர், அதுல உங்க கோர்ட்டுக்கு எத்தனை வாசல், காலையில 9.45ல இருந்து 10.30க்குள்ள எத்தனை பேர் உள்ள வர்றாங்க, குடும்ப கேஸும் போக்சோ கேஸும் எந்தெந்த நாள், ஜெயில்ல இருந்து கைதி எத்தனை பேர் வர்றாங்க, இதை ஒரு வாரம் உக்காந்து நிஜமாவே எண்ணி எழுதுங்க. ஜூனியர் பசங்களை வாசல்ல நிக்க வெச்சு கோடு போட்டு எண்ணச் சொல்லுங்க. நம்பர் இருக்கற லெட்டருக்கு இருக்கற மரியாதையே தனி. எஸ்பி ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பாதுகாப்பு ஆய்வு பண்ணணும்னும், பொதுப்பணித்துறை எலக்ட்ரிக்கல் பிரிவு எஸ்டிமேட் போடணும்னும் அதே லெட்டர்ல கேளுங்க. அந்த ரெண்டு பேப்பரும் சேந்தாத்தான் மாவட்ட நீதிபதி ஹைகோர்ட் ரிஜிஸ்ட்ரார் ஜெனரலுக்கு முன்மொழிவு அனுப்ப முடியும், அங்கருந்து செக்ரட்டேரியட்ல உள்துறைக்குள்ள கோர்ட் பிரிவுக்கு போய் அரசாணையா வரணும். பட்ஜெட் பிப்ரவரி மார்ச்ல படிக்கறாங்கன்னு ஜனவரில அனுப்பினா பஸ் போயிடும், ஆகஸ்ட் செப்டம்பர்லயே உங்க பேப்பர் மேல போயிருக்கணும். ஹைகோர்ட்ல உங்க மாவட்டத்தை பாக்கற நிர்வாக நீதிபதி ஆய்வுக்கு வர்ற அன்னிக்கு ஒரு காப்பியை கையில குடுங்க, பொக்கே குடுக்கறதுக்கு பதிலா.

லெட்டர்ல சட்ட பலத்துக்கு என்ன எழுதலாம்னா, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் பிரத்யுமன் பிஷ்ட் வழக்குல, ஒவ்வொரு ஹைகோர்ட்டும் உள்துறை செயலாளர், டிஜிபி இவங்களோட கலந்து மாவட்ட தலைநகரத்துக்கும் வெளியூர் கோர்ட்டுகளுக்கும் சேத்து பாதுகாப்பு திட்டம் போடணும்னு சொல்லியிருக்கு. நிரந்தர பாதுகாப்பு பிரிவு, வாசல்ல டிடெக்டர், பை ஸ்கேனர், சிசிடிவி எல்லாம் அதுல வருது, சிசிடிவி மட்டும் மாட்டினா போதாதுன்னும் சொல்லியிருக்கு. திருநெல்வேலி சம்பவத்துக்கு அப்புறம் நம்ம ஹைகோர்ட்டும் தானா எடுத்து விசாரிச்சு, மாவட்ட கோர்ட்டுகள்ல துப்பாக்கியோட போலீஸ் நிறுத்தற ஏற்பாடு வந்துச்சு. ஆனா நடைமுறையில இதெல்லாம் மாவட்ட தலைநகரத்தோட நின்னுடும். "தாலுகா கோர்ட்டுகளையும் சேத்து"ன்னு ஒரு வரி எழுத மறந்துடாதீங்க. சென்னை ஹைகோர்ட்டுக்கு 2015 நவம்பர்ல மத்திய தொழில் பாதுகாப்பு படையை கொண்டு வந்தாங்க, அப்பவும் செலவை யார் குடுக்கறதுங்கறதுலதான் இழுபறி. ஹைகோர்ட்டுக்கே அந்த கதின்னா தாலுகா கோர்ட் கேக்காம கிடைக்குமா?

மத்திய அரசு காசு பத்தி யாராவது பேசுவாங்க. கீழ்கோர்ட் கட்டுமான திட்டம் 1993-94ல இருந்து இருக்கு, 60 பங்கு மத்திய அரசு, 40 மாநிலம். ஆனா கோர்ட் ஹால், ஜட்ஜ் குவார்ட்டர்ஸ், வக்கீல்கள் ஹால், டாய்லெட், கம்ப்யூட்டர் ரூம் இதுதான் தலைப்பு, ஸ்கேனர்னு தனியா கிடையாது. ஒண்ணு பண்ணலாம். உங்க ஊர்ல புது கட்டடம் வர்ற பேச்சு இருந்தா, பிளான் போடற நாளே வாசல்ல சோதனை கூடம், பெண்களுக்கு தனி அறை, நிழல் ஷெட், கைதிக்கு தனி வழின்னு வரைய சொல்லுங்க, அப்ப அது கட்டடச் செலவோட போயிடும். கட்டி முடிச்ச பிறகு ஒரு தகர ஷெட்டுக்கு நாலு வருஷம் லெட்டர் எழுதினவன் நான். எம்பி, எம்எல்ஏ நிதின்னா கோர்ட்டுக்கு வெளிய இருக்கற ரோட்டுக்கு லைட், கேமரா, பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை இதுமாதிரி பொது வேலையா கேளுங்க, கலெக்டர் ஆபீஸ் வழியா போகட்டும். கோர்ட் வாசலுக்குள்ள அரசியல்வாதி பேரும் வேண்டாம், கம்பெனிக்காரருக்கு சொன்ன அதே காரணம்தான்.

இன்னொரு கணக்கு. காலையில 45 நிமிஷத்துல 600 பேர் வர்றாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு ஆளை சோதிக்க 10 செகண்டுன்னா ஒரு வாசல்ல 45 நிமிஷத்துல 270 பேர்தான் உள்ள போக முடியும். மிச்சம் 330 பேர் வெயில்ல வரிசையில நிக்கறப்ப உள்ள பேர் கூப்பிட்டாச்சு, ஆள் இல்லன்னு வாரண்ட் போட்டாச்சு. 2011ல டெல்லி ஹைகோர்ட்ல குண்டு வெடிச்சது எங்கன்னு ஞாபகம் இருக்கா, பாஸ் வாங்க ஜனங்க கூடற கேட் பக்கத்துல. வரிசையே ஆபத்து. அதனால ரெண்டு வரிசை கேளுங்க, வரிசை காம்பவுண்டுக்கு உள்ள வர்ற மாதிரி கேளுங்க, முதல் ஆறு மாசம் வரிசையில நிக்கறவங்களுக்கு 11 மணி வரைக்கும் வாரண்ட் வேண்டாம்னு மாஜிஸ்ட்ரேட்கிட்ட நீங்களே போய் கோரிக்கை வைங்க.

பொருள் வாங்கி வெக்கற ரேக் ரொம்ப முக்கியம், அதை யாரும் எஸ்டிமேட்ல போட மாட்டாங்க. நம்ம ஜனங்க இடுப்புல சுருக்குப்பை, அதுல பாக்குவெட்டி. மாங்கா சீசன்ல தோட்டத்துல இருந்து நேரா வர்றவர் பையில கொக்கி கத்தி இருக்கும், அவர் யாரையும் வெட்ட வரல. அதை புடுங்கி குப்பையில போட்டா அது வேற பகை. டோக்கன் குடுத்து வாங்கி வெச்சு சாயங்காலம் திருப்பித் தரணும். அதட்டற ஆளை அங்க நிறுத்தக்கூடாது. தர்மபுரி கோர்ட்ல 2011 செப்டம்பர் 29 அன்னிக்கு வாச்சாத்தி தீர்ப்பு வந்துச்சு, அந்த பழங்குடி கிராமத்துல வனத்துறையும் போலீசும் நடத்தின கொடுமை கேஸ். குற்றம் சாட்டின 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. அந்த கேஸ்ல காக்கி போட்டவங்கதான் குற்றவாளி, மலையில இருந்து வந்த பொம்பளைங்கதான் சாட்சி. 1992ல நடந்ததுக்கு 2011 வரைக்கும் நடந்தாங்களே, வாசல்லயே ஒரு காக்கி தினமும் அவங்களை அதட்டியிருந்தா எத்தனை பேர் பாதியில நின்னிருப்பாங்க? கோர்ட் யாரும் வந்து பாக்கற திறந்த இடம்னு சிவில் சட்டத்துலயும் கிரிமினல் சட்டத்துலயும் எழுதியிருக்கு, எங்க போறே எதுக்கு வந்தேன்னு விசாரிக்கற இடமா வாசல் ஆயிடக்கூடாது, ஆயுதம் இருக்கான்னு மட்டும் பாக்கட்டும்.

சோதனைன்னா எல்லாருக்கும். உங்க ஆளுங்களுக்கும்தான் வக்கீலம்மா. மெஷின் வேணும்னு தீர்மானம் போடற அதே சங்கம், என் பையை எப்படி தொடலாம்னு மறுநாள் கோர்ட் புறக்கணிப்பு பண்ணினதை நான் பாத்திருக்கேன். ரோகிணிக்கு அப்புறம் அந்த வாதம் செல்லாது. பார் கவுன்சில் அட்டையை காட்டுங்க, பையை திறங்க, ரெண்டு செகண்டு. லெட்டர்லயே "வழக்கறிஞர்களும் சோதனைக்கு ஒத்துழைப்போம்"னு சங்கத் தலைவர் கையெழுத்தோட போட்டீங்கன்னா மேல இருக்கறவங்களுக்கு பாதி பயம் போயிடும், பைல் நகராததுக்கு அந்த பயமும் ஒரு காரணம்.

அரசாணை வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்ல. மூணு வாசல்ல ரெண்டை பூட்டச் சொல்லுங்க, தீ விபத்துக்கு சாவி பக்கத்துலயே இருக்கட்டும். வண்டி எல்லாம் வராண்டா ஓரத்துல நிக்குதா, தள்ளி நிறுத்துங்க. ஜீவனாம்ச கேஸ் நாள்ல புருஷன் பொண்டாட்டியை ஒரே பெஞ்ச்ல காத்திருக்க வெக்காதீங்க, அந்த கத்தி விஷயம் அப்படித்தான் நடந்திருக்கும்னு எனக்கு தோணுது. குடும்ப கேஸ் எல்லாத்தையும் வாரத்துல ஒரு நாளா சேத்துப் போட்டா அந்த ஒரு நாளைக்காவது ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பெண் போலீஸ் கேக்கலாம், தினமும் கேட்டா தர மாட்டாங்க, ஒரு நாள்னா தருவாங்க. ரிமாண்ட் நீட்டிப்பை வீடியோ கான்பரன்ஸ்ல முடிச்சா கைதியோட வர்ற ஆயுதப்படை ஆளுங்க மிச்சமாவாங்க, அவங்களை வாசலுக்கு கேளுங்க. போலீஸ்ல ஆளே இல்லன்னு எஸ்பி ஆபீஸ் எழுதினா டெக்ஸ்கோ மூலமா முன்னாள் ராணுவத்தினரை எடுக்கலாமான்னு முன்மொழிவுல மாற்றா ஒரு வரி சேருங்க, அதுவும் கவர்மெண்ட் கார்ப்பரேஷன்தான்.

கம்பெனிக்காரர் மனசு நோகாம பாத்துக்கணும்னா, ஊர் பஸ் ஸ்டாண்ட்ல தண்ணி தொட்டி வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க, பேரை எவ்வளவு பெரிசா வேணும்னாலும் எழுதிக்கட்டும்.

லெட்டரை டப்பால்ல, அதாவது தபால் வாங்கற பிரிவுல, குடுத்துட்டு பதிவு நம்பர் வாங்காம வெளிய வராதீங்க. முதல் ரிமைண்டர் 30 நாள்ல, அதுல பழைய பதிவு நம்பரும் தேதியும் இருக்கணும். டிராப்ட் எழுதினதும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, தொடர் செலவினம் பகுதியை மட்டும் நான் திருத்தித் தர்றேன், அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.